முன்கழுத்து முடிச்சு

வெட்டும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மணியை அதன் அருகே கொண்டுபோன அவன் கை அப்படியே நின்றது.

கடைசியாக ஒருமுறை நுண்நோக்கியில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

நெல்லைவிடச் சற்றே நீளமான இரும்பு மணி. தகடாகத் தட்டி, குழலாகச் சுருட்டியது. ஆற்றங்கரை மேட்டில், என்றோ ஒரு பெண்ணைப் புதைத்த தாழிக்குள் கிடந்தது. அது வந்த பையின் மேல் செம்மலரின் கையெழுத்து.

குழி நான்கு. கழுத்தருகே.

செம்மலர் அவன் மனைவி. அந்தக் குழியைத் தோண்டியவள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் தாழியில் அரிவாளும் ஈட்டியும் காலடியில் கிடந்தன. இது மட்டும் கழுத்தில். இது இங்கே உருக்கிய இரும்பு இல்லை, வானத்திலிருந்து விழுந்த கல்லில் எடுத்தது என்று அவள் அடித்துச் சொன்னாள். அகழாய்வு முகாமில் எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டை நீட்டினால், இது பூமியில் விளைந்த அரிசிதானம்மா, பரவாயில்லையா என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் விடவில்லை.

விண்கல் இரும்பு என்றால் உள்ளே நிக்கல் இருக்கும். மேலே படிந்த துருவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மிஞ்சியிருக்கும் உலோகத்தை வெட்டி எடுத்தாக வேண்டும். அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் அது அவனுடைய வேலை. அனுமதிக்கே ஏழு மாதம் நடையாய் நடந்திருந்தான்.

நிக்கல் இருந்தால், ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

எக்ஸ்ரே படத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் உலோகம் வெளுத்துத் தெரிந்தது. கடுகளவு.

அதற்கு நேர் மேலே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. ஒட்டிய மண் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். லென்ஸை மாற்றினான்.

முடிச்சு.

நூல் என்றைக்கோ மக்கிவிட்டது. அது இருந்த இடத்தில் துரு ஏறி, இழை இழையாக, முறுக்குக் கலையாமல் நின்றது. ஒரு முடிச்சு. நம்பிக்கை இல்லாததுபோல் அதன் மேல் இன்னொன்று.

பின்கழுத்தில் விழவேண்டிய முடிச்சு. மணியை ஒட்டி, முன்னால் விழுந்திருந்தது.

எழுந்து உட்கார முடியாதவளுக்கு இப்படித்தான் கட்ட முடியும்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

அன்று செம்மலரைத் தூக்குவதற்கு முன் தாலியைக் கழற்றிவிடு என்றார்கள். மஞ்சள் கயிறு தண்ணீரில் ஊறி இறுகிக் கிடந்தது. முடிச்சுக்குள் நகம் இறங்கவில்லை. நேரமாகிறது என்று யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள்.

வெட்டினான். சுலபமாகத்தான் இருந்தது.

தாழிப் பெண்ணைப் புதைத்த அந்த இன்னொருவன் கழற்றவில்லை. கட்டியிருக்கிறான். கிடைத்தற்கரிய ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல்.

முடிச்சை அறுக்காமல் அடியில் இருக்கும் உலோகத்தை எடுக்க முடியாது. சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அணைத்தான்.

சோதிக்காமல் விட்டால் நாளை வேறு யாராவது வெட்டக் கேட்பார்கள். ஆய்வு முடிவுப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுதினான்.

சோதிக்கப்பட்டது. நிக்கல் இல்லை. சாதாரண இரும்பு.

மாலையில் அகழாய்வுத் தலைவர் ஞானசேகர் கூப்பிட்டார். அன்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"அந்தப் புள்ள சொன்னது சரியா இருக்கணும்னு நானே வேண்டிக்கிட்டேன் தம்பி."



அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கட்டுரைக்கு இனி இந்த மணி வேண்டியிராது, அவள் பெயரையும் விட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்துருங்க சார்."