முள் மீட்டர்

பாலகோபாலின் ரேடியோ கம்பெனியில் ஒரே ஒரு வேலை காலி. வந்த மூவரிடமும் ஆளுக்கொரு ரேடியோவைக் கொடுத்து, டியூன் செய்யச் சொன்னார். ஒலியின் அளவை எண்ணில் காட்டும், சீமையிலிருந்து தருவித்த டிஜிட்டல் மீட்டர்களையும் பெருமையோடு காட்டினார். மூவரில் கிருபாவதி மட்டும் பழைய முள் மீட்டரை எடுத்தாள்.

“ஏன் அம்மணி, பழசு எதுக்கு?”

“புதுசுல எண்ணு துள்ளிட்டே இருக்குதுங்க. முள்ளு ஏறுதா எறங்குதான்னு பார்த்ததும் தெரிஞ்சுபோடுமுங்க.”

மீட்டரை ரேடியோவில் மாட்டி, அதன் திருகில் திருப்புளியை வைத்து மெல்லத் திருப்பினாள். முள் உச்சத்தைத் தொட்டதும் நிறுத்தினாள். பாட்டு கணீரென்று எழுந்தது. மற்ற இரண்டு ரேடியோக்களும் இன்னும் கரகரத்தன.

“வேலை உனக்குத்தான்!” என்று பாலகோபால் அவள் பின்னாலிருந்து கூவினார். அவள் திரும்பவில்லை. எதிரே வந்தார்.

“பாட்டு தெளிவா வருதுங்களா?” என்று கேட்டாள்.

“உனக்குக் கேக்கலையா?”

“எனக்குக் காதே கேக்காதுங்க. வாயசைவைப் பார்த்துத்தான் பேசறனுங்க.”

பாலகோபால் அவள் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னார்:

“வேலை உனக்குத்தான், அம்மணி.”