தேசிக்காய் குத்திய வேல்

வெள்ளவத்தை மாடிவீட்டுப் படிகளில், வீடு சோதிக்க வந்த ஆமிச் சப்பாத்துகள் ஏறி வருகின்றன. கடல் வெளிச்சம் கூசும் கூடத்தில், மகள் தர்மினி பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்த ராக்கெட் ஏவுதளம் நிற்கிறது. ஒரு பலகை, அதில் நட்ட இரும்புக் கம்பி, பக்கத்தில் ராக்கெட்டைப் பற்றவைக்கும் பட்டரியும் சுவிட்சும். விளையாட்டுச் சாமான் என்றால் எவன் நம்புவான்? நாகேஸ்வரி கம்பி நுனியில், சாறு பிழிய வைத்திருந்த தேசிக்காயைக் குத்தி, திருநீறு பூசி, செவ்வரத்தம்பூச் செருகி அதை முருகனின் வேலாக்குகிறாள்.

"ராக்கெட்டை எங்கையடி வச்சனி?"

"கழட்டி ஒளிச்சிட்டனம்மா."

கதவு திறக்கிறது. உள்ளே வரும் இளம் சிங்களச் சிப்பாய் வேலைக் கண்டதும் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கண்மூடிக் கும்பிடுகிறான். நாகேஸ்வரிக்குப் போன மூச்சு திரும்புகிறது. கும்பிட்டு முடித்தவன் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"சாமிக்கு லைட் இருக்குதானே, அம்மா? நான் போடுறது."

தர்மினியின் நகங்கள் தாயின் கையில் இறங்குகின்றன. அப்போதுதான் நாகேஸ்வரி வயரைப் பார்க்கிறாள். சுவிட்சிலிருந்து புறப்பட்டு, சிப்பாயின் சப்பாத்தை உரசிக்கொண்டு, அது மேசை விரிப்புக்குக் கீழே நுழைகிறது. ராக்கெட்டை அங்கே ஒளித்தவள் அதிலிருந்து வயரைக் கழற்றவில்லை. அவன் பெருவிரல் சுவிட்சைத் தொடுகிறது.