பழுக்காத மேகம்

மூன்று ஃபில்டர்களும் மூன்று பனியன் துணிப் பைகளில் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம். எது எது என்றுதான் தெரியவில்லை.

ஆடி மாசத்திலிருந்து எனக்குக் கலர் தெரிவதில்லை. உலகம் சாயம் போடாத காடாத் துணியாகிவிட்டது. வருத்தம் ஒன்றும் இல்லை. மரத்த காலில் முள் ஏறியது மாதிரி. ஏறியது தெரிகிறது, அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு வருசம் நல்லூர்ச் சாயப்பட்டறையில் கலர் பார்த்தவன் நான். கரண்ட் போனால் சிவப்பை மோந்து பார்த்தே ஓகே சொல்வேன். இதை நம்பாத யாரும் இப்போது உயிரோடு இல்லை.

என் மனைவி மாரக்காளுக்கும் அங்கேதான் வேலை. சாயத்தில் மை நிற்காது என்பதால், எந்தத் துணி எந்தக் கலருக்கு என்று முனையில் முடிச்சுப் போட்டு அனுப்புவாள். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று நீலம்.

மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் டெலஸ்கோப்பில் மாட்டிய காமிராவுக்கும் கலர் தெரியாது. அதன் முன்னால் உள்ள சக்கரத்தில் மூன்று ஃபில்டரையும் மாட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து மூன்று கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, டீ-சர்ட் பிரிண்டிங் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் கலர் மாறும்.

போன மாசம் மாறிவிட்டது. சிவப்பாக வரவேண்டிய நட்சத்திர மேகம் பச்சையாக வந்திருப்பதைப் பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் பழுக்கவில்லை என்றேன். அடுத்த மாசம் வந்து பாருங்கள் என்றேன். அவர் அதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

மாரக்காள் மட்டும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கண் விசயம் அவளுக்குத் தெரிந்தால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அப்புறம் மாடிப்படிக்குப் பூட்டு.

இன்று இருட்டியதும் திருமூர்த்தி வருகிறார். ஃபில்டர் விளிம்பில் இருந்த எழுத்து, பழசாக வாங்கும்போதே தேய்ந்திருந்தது. இந்த லட்சணத்தில், பஞ்சு படிந்திருக்கிறது என்று காலையில் மாரக்காள் மூன்றையும் கழற்றித் துடைத்துப் பையில் போட்டுவிட்டாள்.

மொட்டை மாடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாரக்காள் எனக்கு முதுகைக் காட்டியபடி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வருவது வரட்டும் என்று ஒரு பையை எடுத்தேன். சுருக்குக் கயிற்றில் ஏதோ நெருடியது.

ஒரு முடிச்சு.

அடுத்த பையில் இரண்டு. கடைசியில் மூன்று.

சக்கரத்தில் வரிசையாக மாட்டித் திருகினேன்.

“ஏனுங்க, இந்த வாட்டி பழுத்துருமுங்களா?” திரும்பாமலே கேட்டாள்.

பழுத்துவிடும் என்றேன்.