கடைசி ஆசை என்று போட்ட போஸ்டர்

மாறன் பல் தேய்த்து, சவரம் செய்து, விடுதியில் தந்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். வெனிஸின் கூட்டமெல்லாம் பெரிய பாலத்தில் இருக்க, அவன் பின்பக்கச் சந்தில், துணி உலரும் ஒரு சிறு கால்வாயோரம் உட்கார்ந்தான். இறந்துபோன மனைவி செண்பகாவின் அண்ணன் வீடியோவில் அழைத்தார். டிக்கெட் போட்டு அனுப்பியவரும் அவர்தான்.

“என்ன மாப்ள, கொடியில ஜட்டி தொங்குது! பாலத்துக்குப் போய் படகைக் காட்டுங்க. சொந்தமெல்லாம் டிவி முன்னால உக்காந்திருக்கு. வெனிஸ் பாக்கணும்கிறது தங்கச்சியோட கடைசி ஆசையாச்சே!”

“அவ அப்படிச் சொல்லவே இல்ல. நீங்களா போஸ்டர்ல போட்டீங்க.”

“இருக்கட்டுமே, கேக்க நல்லாருக்குல்ல?”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அன்று இருந்தது அவன் ஒருவன்தான்.

“எல்லாரும் கேட்டுக்குங்க,” என்றான். “அவ கடைசியா சொன்னது இதுதான்: ‘ஃபேனை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.’”