காதில் ஒரு நம்பர்

பொம்மசந்திரா ஆய்வுக்கூடத்தில் பன்றிகளுக்குத் தீனி போடும் மரகதம், ஒன்றுக்கு மட்டும் பவுனு என்று பெயர் வைத்திருந்தாள்.

"பன்னிக்கு எதுக்கும்மா பேரு? காதுல குத்துன நம்பர் போதும்," என்று சிரித்தார் இயக்குநர் பத்ரிநாத்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டபோது பவுனைத்தான் அறுத்தார்கள். அதன் சிறுநீரகம் அவருக்குப் பொருந்திவிட்டது. அதன் செல்லிலிருந்து குளோனிங்கில் ஏழு குட்டிகளும் பிறந்தன.

ஆறு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில், மரகதம் ஏழு தட்டுகளில் தீனியைக் கொட்டி, "பவுனு, வாடி!" என்று கூப்பிட்டாள். ஏழும் ஓடிவந்தன. மாடியிலிருந்து பத்ரிநாத்தும் ஓடிவந்து, மண்டியிட்டுத் தட்டில் வாய் வைத்தார்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா, நிறுத்திடுவேன்," என்று அழுதுகொண்டே தின்றார்.

மரகதம் காதில் குத்தும் வில்லை ஒன்றை எடுத்து, அதில் எட்டு என்று எழுதினாள்.