இரண்டாவது கோடு

பிரஷின் நுனி தோலைத் தொட்டதுதான் தாமதம், நடுங்க ஆரம்பித்தது.

"நடுங்காத மூதி" என்று அற்புதமணி தன் கையைத்தான் ஏசினாள், வாய்க்குள்ளேயே.

கட்டிலில் அவள் புருஷன் அருமைநாயகம் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. மஞ்சள் பூத்த வயிறு ஏறி இறங்கியது. தூத்துக்குடி இன்னும் முழுசாக விடியவில்லை. மதுரை பஸ்ஸுக்கு அதிக நேரமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த வயிற்றில் ஊதா மையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறியும் போட்டார். பிறகு அவளை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"கணையத்துல இருக்கிற கட்டியை முதல்ல கதிர் பாய்ச்சி, அதான் கரண்டு வச்சு, சுருக்கணும்மா. சுருங்கினாத்தான் கத்தி வைக்க முடியும். கோடு அழியாமப் பாத்துக்கோங்க. இடம் மாறி விழுந்தா நல்ல குடல் பொசுங்கிரும்."

புருஷனிடம் அவள் சொன்னது வேறு. ஒண்ணுமில்ல, குடல்ல புண்ணாம்.

இப்போது கோடு இல்லை.

ராத்திரி அரிப்பு தாங்காமல் அவர் புரண்டபோது தேங்காய் எண்ணெய் தடவியது அவள்தான். கோட்டில் படாமல்தான் தடவினாள். எண்ணெய்க்கு என்ன தெரியும்? விடியக்காலம் விளக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. அறையில் மண்ணெண்ணெய் வாடை வேறு. ஸ்டவ் ஒழுகுகிறதோ என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

கோட்டை அழித்துக்கொண்டு வந்த உப்பளத்துக்காரர் ஒருவரை, திரும்ப அளக்கணும், பெரிய டாக்டர் வரட்டும் என்று ஊருக்கே திருப்பி அனுப்பியதை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கட்டி அதுவரைக்கும் காத்துக்கொண்டா இருக்கும்?

அதனால்தான் பரணிலிருந்து அவருடைய மைப் புட்டியை இறக்கினாள். துறைமுகத்துச் சரக்குச் செட்டில் நிலாவரை இலை மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் மார்க்கு போடுகிறவர் அவர். அதுவும் ஊதா மைதான். வெள்ளிக்கிழமை போட்டிருந்த பனியனில் கட்டம் கறையாக ஊறியிருந்தது. அதை வயிற்றின் மேல் விரித்து, தொப்புளை அடையாளம் வைத்து, மூலைகளில் புள்ளி குத்தினாள். கட்டம் போட்டாயிற்று. பெருக்கலில் ஒரு கோடும் இழுத்தாயிற்று.

பெருக்கலும் சாய்ந்த சிலுவை மாதிரிதானே. ஆண்டவரே, உம்முடைய சிலுவையாகவே இருக்கட்டும்.

இரண்டாவது கோட்டுக்குப் பிரஷை மையில் தோய்த்தாள்.

"அது வேண்டாம்ளா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"முழிச்சா கெடக்கிய? எண்ணெ பட்டு அழிஞ்சுபோச்சு. நாந்தான் பாவி..."

"எண்ணெயில அந்த மை போகுமாக்கும். நாந்தான் மண்ணெண்ணெயத் தொட்டுத் தேச்சேன்."

"எதுக்கு?"

"செட்டுல எந்த மூட்டைக்குப் பெருக்கல் போடுவோம்னு ஒனக்குத் தெரியாது. உள்ள அழுகிப்போன மூட்டைக்கு. பெருக்கல் விழுந்துட்டா கப்பல்ல ஏத்த மாட்டாவ."

"ஒங்களுக்குப் புண்ணுதான..."

"புண்ணுக்கு எவன்ளா மதுரையில கரண்டு வைக்கான்?"

பிரஷைப் பிடித்த அவள் கை அந்தரத்தில் நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது. நடுக்கம் கீழே இருந்தது, அந்த வயிற்றில்.

மைப் புட்டியை மூடினாள்.

"கோடு அழிஞ்சிட்டுன்னு டாக்டர்ட்ட சொல்லிருவோம். அவரே அளந்து போடட்டும். போகச் சொன்னா, அந்தப் படியிலேயே உக்காந்திருப்போம்."

அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. ஆனா எண்ணெ பட்டுத்தான் அழிஞ்சுதுன்னு சொல்லு. ஏசுனா வாங்கிக்க." பிடி இறுகியது. "நான் பயந்துட்டேன்னு மட்டும் சொல்லிராத."