பெட்டி சொன்னால் சரி

பாண்டித்துரை சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு சூடம் ஏற்றினார். தேங்காய் ஒரே போட்டில் சரிபாதியாக உடைந்தது. அவர் கும்பிட்ட இடத்தில் சாமிதான் இல்லை. கண்மாய் மடைக்குப் பக்கத்தில், கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டியப்பா, இன்னைக்கு ஒருநாள் தண்ணிய என் பக்கம் திருப்பி விட்ரு" என்று மாலையும் போட்டார்.

சிக்கலுக்குப் பக்கத்துக் கிராமம் அது. இரண்டு மாதத்துக்கு முன் இராமநாதபுரத்திலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து கூட்டம் போட்டார்கள். "தண்ணி பாய்ச்ச உங்க ஊரு விதி என்னென்னன்னு சொல்லுங்க. மிசின்ல ஏத்திட்டா யாருக்கு எப்பத் தண்ணின்னு அதுவே முடிவெடுத்து எல்லாரு போனுக்கும் சொல்லிரும். இனிமே சண்டையே வராது" என்றார்கள்.

விதி சொல்லச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? பாண்டித்துரை மட்டும் பதினோரு விதி சொன்னார். பதினொன்றும் எங்கெங்கோ சுற்றிவிட்டு அவர் வயலுக்கே வந்து சேர்ந்தன. அத்தனையையும் நோட்டில் எழுதி, பெட்டியைக் கம்பத்தில் மாட்டிப் பூட்டி, சாவியோடு போனார்கள். பத்தாம் நாளிலிருந்து ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து எல்லார் போனுக்கும் உத்தரவு வர ஆரம்பித்தது.

அதற்கு முன் முப்பது வருடம் முறை சொன்னவர் நீர்பாய்ச்சி மூக்கையா. 'இனிமேல் நீ முடிவு சொல்ல வேண்டாம், மடையைத் திறந்து மூடினால் போதும்' என்று ஊர் பெரிய மனது பண்ணி அவரை விட்டுவைத்திருந்தது.

இன்று கண்மாயில் கிடப்பது கடைசித் தண்ணீர். ஒரு வயலுக்குத்தான் காணும். கடைமடையில் அமுதவள்ளியின் இரண்டு ஏக்கர் நெல் பால் பிடித்து நிற்கிறது. இன்று நனையாவிட்டால் அத்தனையும் பதர். போன வருடம் அப்படித்தான் போனது. 'கடைமடைக்கு விடுவோம்' என்று சொன்ன பாவத்துக்கு மூக்கையாவின் மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள்.

"என்ன மாமா, மிசினுக்குத் தேங்காய் மட்டுந்தானா? கெடா வெட்டலையா?" என்று கேட்டாள் அமுதவள்ளி. வாய்தான் கேலி பேசியது, கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"நீ சும்மா இரு தாயி. தலைமடைக்குத்தான் முதல் தண்ணி. அது மிசினுக்குத் தெரியும்."

"ஒங்க வயல்ல கதிரு முத்தித் தலை சாஞ்சு தூங்குது. அதுக்கு எதுக்குத் தண்ணி, எழுப்பி விடவா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாண்டித்துரை சிரிக்கவில்லை.

"உத்தரவு வரட்டும். எனக்கு வயித்தக் கலக்குது, இந்தா வாரேன்" என்று மூக்கையா கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவர் போனாகச் சிணுங்கியது. கரையில் நின்ற இன்னொரு வயல்காரர் தர்மராஜ் சத்தம் போட்டுப் படித்தார்: "இன்று கடைமடை. அமுதவள்ளி வயல். முழுத் தண்ணீரும். இடையில் யாரும் வாய்க்காலை வெட்டக் கூடாது."

அமுதவள்ளி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். பாண்டித்துரை பெட்டியை முறைத்தார். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பதினோரு விதி குடுத்தேனேப்பா! ஒன்னு கூடவா அதுக்குப் பிடிக்கல?"

"அது சாட்டிலைட்டு வச்சுல்ல பாக்குது!" என்றார் தர்மராஜ். "போன வாரம் மருமகளப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் கேக்காமலே என் முறைய ரெண்டு நாள் தள்ளி வச்சுச்சு. மனுசனுக்கு வருமா அந்தப் புத்தி?"

மூக்கையா போனை மடியில் செருகி, வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்ன சொல்லுதாம்? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும்."

"ஏலே, கடைமடைக்காம்லே! நீ ஒளறுனதையே அதுவும் ஒளறுது" என்றார் பாண்டித்துரை.

"அது மிசினுங்கய்யா. நம்மளா எதுத்துப் பேச முடியும்?"

முடியாதுதான். போன வருடம் மனிதன் சொன்னபோது அநியாயமாக இருந்தது, இந்த வருடம் இரும்பு சொன்னதும் நியாயமாகிவிட்டது. மூக்கையாவின் மண்வெட்டியை யாரும் தொடவில்லை. பாண்டித்துரை தன் வயலுக்குப் பிரியும் வாய்க்கால் வாயைத் தன் கையாலேயே மண் வெட்டிப் போட்டு அடைத்தார்.

மடை திறந்தது. கண்மாயின் அடித்தண்ணீர் சேறும் செத்தையுமாகக் கடைமடைக்கு ஓடியது. மதியத்துக்குள் அமுதவள்ளியின் வயல் கணுக்கால் நனையக் குடித்திருந்தது. கண்மாயில் கொக்குதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து கம்பெனி இன்ஜினியர் வசந்தகுமார் பைக்கில் வந்து இறங்கினார். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. கம்பத்தைப் பார்த்ததும் மனிதர் திகைத்துப்போனார்.

"என்னய்யா இது, மாலையும் குங்குமமுமா?"

"எல்லாம் ஒங்க மிசினுக்குச் செஞ்ச மரியாதைதான் தம்பி" என்று பாண்டித்துரை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசமா அது வச்சதுதான் ஊருக்குச் சட்டம். ஆனா கடைமடைக்கே சாயுதுப்பா. உள்ள இருக்கிற விதியில நம்ம பதினொன்ன மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வையி."

மூக்கையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கரையை விட்டு இறங்கத் தொடங்கினார்.

வசந்தகுமார் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்:

"எந்த மிசினு? கம்பத்துல தொங்குறது வெறுங்கூடு. மிசினு இந்தா, இந்த அட்டைப்பெட்டிக்குள்ளல்ல இருக்கு!"